தெரியாதம்மா

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பலகையில் எழுதியும் வைத்திருந்தார்கள். ஆனால் எங்கள் மலையில், வாழவந்தி நாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டிருந்தால் நாங்கள் உதட்டைப் பிதுக்கியிருப்போம். தெரியாதம்மா என்று கேட்டிருந்தால் மாடு மேய்க்கிறவன்கூடக் கூட்டிக்கொண்டு போய் விட்டிருப்பான்.

அந்தப் பெயரை வைத்தவர்கள் நாங்கள்தான். டாக்டர் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று எங்களுக்கு ஒரு எண்ணம் இருந்தது. கையைப் பிடித்த உடனே, இது இன்ன வியாதி, இத்தனை நாளில் சரியாகும் என்று சொல்ல வேண்டும். சொன்ன நாளில் சரியாகாவிட்டால் பத்தியம் காக்காத குற்றம் எங்களுடையது. இவர் அப்படிச் சொல்லவே மாட்டார். "நல்லாயிடுமுங்களா?" என்று கேட்டால், "தெரியாது. பார்ப்போம்" என்பார்.

தெற்குச் சீமைக்காரர். நெட்டையான பெண். வந்தபோது முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். தலைமுடியைச் சுருட்டிக் கொண்டை போட்டு, அது அவிழாமலிருக்கப் பேனாவைக் குறுக்கே குத்தி வைத்திருப்பார். மருந்து எழுத வேண்டுமென்றால் பேனாவை உருவுவார், முடி சரிந்து முதுகில் விழும். எழுதி முடித்ததும் மறுபடி சுருட்டிப் பேனாவைக் குத்துவார். நாளெல்லாம் இதே வேலை. "ஒரு கொண்டை ஊசி வாங்கிக் குத்திக்க கண்ணு" என்று நானே சொல்லியிருக்கிறேன். அப்போது பேனாவை எங்கே வைப்பது என்று கேட்டார்.

வேலை தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். பாம்பு கடித்தவனைத் தூக்கி வந்தால் வாய் பேசாது, கை மட்டும் வேலை செய்யும். பிள்ளை குறுக்கே கிடந்த பிரசவங்களை அந்த ஒற்றை அறையில் பார்த்திருக்கிறார். இன்னொன்றையும் நான் கவனித்தேன். தெரிந்ததைச் சொல்லும்போது அவர் ஜன்னலைப் பார்த்தோ மருந்து டப்பாவைப் பார்த்தோ சொல்லிவிட்டுப் போவார். தெரியாது என்று சொல்லும்போது மட்டும் முகத்துக்கு நேராகப் பார்ப்பார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்கிற இடத்தில் இவர் நிமிர்வார்.

எங்கள் கோயில் பூசாரி குறி சொல்வதில் பேர் போனவர். முழங்கால் வீங்கி ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நானும் இருமலுக்கு மருந்து வாங்க உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க டாக்டரம்மா, இந்தக் காலை வச்சிக்கிட்டு நான் மறுபடி மேட்டுக் கோயிலுக்கு ஏற முடியுமுங்களா?"

டாக்டரம்மா காலை அமுக்கிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். "தெரியாது. மாத்திரை தர்றேன், பார்ப்போம்."

"தெரியாதுங்களா? என்கிட்ட குறி கேக்க வாரவங்ககிட்ட நான் இப்படிச் சொன்னா, அடுத்த வாரம் கோயில்ல நானும் சாமியும் மட்டுந்தானுங்க இருப்போம்."

"நீங்க சொன்னதெல்லாம் நடந்திருக்கா?"

பூசாரி கொஞ்சம் யோசித்தார். "நடந்தவங்க வந்து சொல்லுவாங்க. நடக்காதவங்க திரும்பி வாரதில்லீங்க."

"எனக்கு அப்படியே தலைகீழுங்க. நடக்காதவங்கதான் திரும்பி வர்றாங்க" என்றார் டாக்டரம்மா. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

முதலில் ஆஸ்பத்திரிக்கு யாரும் போகவில்லை. தெரியாது என்று கேட்பதற்கா பஸ் ஏறிப் போவது? பிறகு திடீரென்று கூட்டம் கூடியது. அதற்கும் அந்த வார்த்தைதான் காரணம். எங்கள் மலையில் வேர் வைத்தியர்கள் இருந்தார்கள். எந்த நோய்க்கு எந்த வேர் என்று தெரிந்தவர் அதை வெளியே சொல்ல மாட்டார். சொன்னால் வேர் பலிக்காது. போய்க் கேட்டால், "எனக்கென்ன தெரியும், நான் கண்டனா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். பொழுது சாயும் முன் பொடி வீட்டுக்கு வந்துவிடும். அந்த வைத்தியர்களில் மூத்தவர் ஒருநாள் பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்து, "அந்தம்மா கெட்டிக்காரி. எல்லாந் தெரிஞ்சு வச்சிக்கிட்டுத் தெரியாதுங்குது பாரு" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். டாக்டரம்மா தெரியாது என்றால் கையெடுத்துக் கும்பிட்டு, ஒரு பலாப்பழத்தை இறக்கி வைத்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பினார்கள். எதற்குக் கும்பிடுகிறார்கள், எதற்குப் பழம் என்று அவருக்கு வெகுநாள் விளங்கவில்லை.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது என் வீட்டுக்காரரால். எங்கள் குடும்பம் யாரிடமும் போய் நின்ற குடும்பமல்ல. வயல் இருந்தது, மிளகு இருந்தது, இரண்டு காளைகள் இருந்தன. ரெண்டாயிரமாவது வருஷம் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், மிளகு பறிக்கும்போது, சில்வர் ஓக் மரத்தில் சாத்தியிருந்த மூங்கில் ஏணி சறுக்கித் தலை கல்லில் பட விழுந்தார். கீழே டவுனில் பெரிய ஆஸ்பத்திரியில் வெகுநாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்து வந்தார்.

வந்தவர் பார்க்க அதே ஆள்தான். நடந்தார், சாப்பிட்டார், கிண்டல் பேசினார். எங்கள் கல்யாணத்தன்று மழை பெய்ததும், முதல் காளைக்கு எங்கே மச்சம் என்பதும் சொல்வார். ஆனால் புதிதாக ஒன்றும் அவர் தலையில் நிற்கவில்லை. காலையில் வந்து பேசிவிட்டுப் போனவரை மத்தியானம் யார் என்று கேட்பார். மகளுக்குக் கல்யாணம் செய்தோம். அவரே முன்னே நின்று தாரை வார்த்துக் கொடுத்தார். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "பொண்ணுக்கு வயசாவுதே, மாப்பிள்ளை பாக்க வேண்டாமா" என்றார். பக்கத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். மகள் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய் அழுதாள்.

பிறகு அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. இவருக்குக் குழந்தை என்றால் உயிர். தூக்கி மடியில் வைத்துக் கொஞ்சுவார். கொஞ்சிக்கொண்டே என்னைப் பார்த்து, "ஆரு ஊட்டுப் பிள்ளை?" என்பார். அந்தக் கேள்வி வேண்டாம் என்றுதான் மகள் வருவதைக் குறைத்துக்கொண்டாள். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. அந்தக் குழந்தையை அவர் ஒருநாளாவது தன் பேத்தி என்று தெரிந்து தூக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் அப்போதே தீர்த்துச் சொல்லிவிட்டார்கள். "மூளையில செத்தது செத்ததுதாம்மா. தோல் மாதிரி, எலும்பு மாதிரி திரும்ப வளராது. இருக்கறதை வச்சு ஓட்டிக்கங்க." சொன்ன டாக்டர் நல்ல மனிதர். தெளிவாகச் சொன்னார். அந்தத் தெளிவு பல மாதம் என் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

மலைக்கு வந்து டாக்டரம்மாவிடம் அதையே கேட்டேன். "நெசமாவே வளராதுங்களா?"

முகத்துக்கு நேராகப் பார்த்தார். "தெரியாது."

"பெரிய ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க கண்ணு."

"நானும் அப்படித்தாம்மா படிச்சேன். பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். இப்ப அது தப்பா இருக்கும்னு சொல்றாங்க."

அன்றைக்குத்தான் அவர் இங்கே வருவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது. ஏதோ ஒரு பெரிய ஊரில், எலியின் மூளையை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்க்கிற வேலை. மூளையில் ஞாபகம் சேர்கிற இடம் ஒன்று இருக்கிறதாம். அங்கே தாய்ச் செல் என்று ஒன்று குந்தியிருக்கிறதாம். அது இரண்டாகப் பிரியுமாம். ஒன்று தாயாகவே அங்கே நின்றுகொள்ளும், இன்னொன்று வளர்ந்து வேலைக்குப் போகும். கிழட்டு எலிக்கும் இது நடக்கிறது. மனிதருக்கும், வயது போனவர்களுக்கும் நடக்கிறது என்று இப்போது சிலர் கண்டு சொல்கிறார்கள் என்றார்.

"வாழைக் கட்டை மாதிரியா?" என்று கேட்டேன். "கட்டை நிக்கும், பக்கத்துல கன்னு வரும்."

"ஏறக்குறைய" என்றார். உடனே, "வாழை மாதிரியேதானான்னு தெரியாது" என்றும் சேர்த்துக்கொண்டார். அதுதான் அவர்.

முளைத்ததில் பாதிக்கு மேல் செத்துப்போகும் என்றும் சொன்னார். சக்கரத்தில் ஓடவிட்ட எலிக்கு அதிகமாக முளைத்தது. புதிதாக ஒரு வேலை கற்றுக்கொண்ட எலிக்கு முளைத்தது தங்கியது. "உங்க வீட்டுக்காரருக்கு அது நடக்குமான்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா நடந்து பழகறதுலயும் புதுசாக் கத்துக்கறதுலயும் கெடுதல் ஒண்ணுமில்ல."

நான் வீட்டுக்கு வந்து யோசித்தேன். இவ்வளவு தெரிந்தவருக்கு அது தெரியாமலா இருக்கும் என்று தோன்றியது. மறுநாள் ஒரு பாட்டில் கொம்புத் தேனுடன் போனேன்.

"இந்தா கண்ணு. இப்பவாச்சும் சொல்லு."

"எதைம்மா?"

"மறைச்சு வச்சிருக்கறதை."

முதலில் சிரித்தார். பிறகு வேர் வைத்தியர் கதையை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பலாப்பழம் ஏன் வருகிறது என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நான் தெரியாதுங்கறது நிஜமாவே தெரியாததனாலம்மா."

"அது சரி கண்ணு. அப்படித்தான் சொல்லணும்."

புதுசாக ஒரு வேலை என்று அவர் சொன்னாரே, அதற்காக என் வீட்டுக்காரரை ஏர் பூட்டச் சொன்னேன். நேர்கோடாக உழுதார். டாக்டரம்மாவைக் கூட்டி வந்து வரப்பில் நிறுத்திப் பெருமையாகக் காட்டினேன்.

"நல்லா உழறார். ஆனா இது அவருக்குத் தெரிஞ்ச வேலைம்மா. தெரியாததா இருக்கணும்."

தெரியாத வேலைக்கு நான் எங்கே போவேன்? ஏணி கட்டுவது, தேன் எடுப்பது, கல் அடுக்கி மேடு கட்டுவது, மரவள்ளிக் குச்சி ஊன்றுவது, இந்த மலையில் ஒரு ஆண் பிள்ளை செய்கிற எல்லாம் செய்தவர் அவர். யோசித்துப் பார்த்ததில் மிச்சமிருந்தது பெண்கள் வேலை மட்டும்தான். எங்கள் பக்கம் வயலில் சேறு மிதித்து, பரம்பு அடித்து, வரப்பு அணைத்துக் கொடுப்பதோடு ஆண்கள் கரை ஏறிவிடுவார்கள். நாற்றைக் கையில் எடுத்து நடுவது பெண்கள். ஆண் கை பட்ட நாற்று பச்சை பிடிக்காது என்பார்கள். நான் அவரை நடவுக்கு இறக்கினேன். என் வயல், என் வீட்டுக்காரர். கேட்பவர்கள் என் முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும் என்று வரப்பில் நின்றேன்.

நடவுக்காரிகள் விடுவார்களா?

"ஏனுங்க மாமா, சேலை கட்டிக்கிட்டு வந்திருந்தா இன்னும் வெரசா நடலாமே."

"உங்கொப்பனை வரச் சொல்லு புள்ள. ஒரே சேலையை ரெண்டு பேரும் கிழிச்சுக் கட்டிக்கறோம்" என்றார் இவர்.

வயலே சிரித்தது. மறுநாளும் அவள் அதையே கேட்டாள், இவர் அதையே சொன்னார். அதற்கு மறுநாளும் அப்படியே. கேட்டவளுக்கு அலுத்துப்போனது. இவருக்குத் தினமும் அது புதுக் கிண்டல், புதுப் பதில்.

ஒவ்வொரு நாள் காலையிலும், "நான் எதுக்கு நடோணும்? ஆம்பிளை நட்டதைக் கண்டியா?" என்பார். ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து சொல்லி இறக்கிவிடுவேன். முதலில் அவர் வைத்த நாற்று தண்ணீரில் மிதந்தது. நடவு முடியும் தறுவாயில் பெண்களுக்குச் சமமாகப் பின்னால் நகர்ந்து நகர்ந்து நட்டார். நட்டதெல்லாம் பச்சையும் பிடித்தது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "முளைச்சிருச்சு கண்ணு."

டாக்டரம்மா வயலுக்கு வந்து வெகுநேரம் நின்று பார்த்தார். என் வீட்டுக்காரரிடம் பேசினார். "இதுக்கு முன்னாடி நட்டிருக்கீங்களா?" "இன்னைக்குத்தான் மொத தடவை" என்றார் இவர், கை பாட்டுக்கு நட்டுக்கொண்டே.

"கை கத்துக்கிச்சும்மா" என்றார் டாக்டரம்மா. "கை பழகறதுக்கு மூளையில வேற இடம். நான் சொன்ன முளைக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு..."

"தெரியாது" என்று நானே முடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். எனக்கு அவ்வளவு கோபம். ஒரு பொம்பிளையின் முகத்தைப் பார்த்து ஒரு தடவை ஆமாம் என்று சொன்னால் வாய் வலித்துவிடுமா? அந்தப் பூசாரியிடம் கேட்டிருந்தால் ஆறு தடவை சொல்லியிருப்பார்.

ஆனால் ஊருக்கு அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. அடுத்த வருஷ நடவுக்கு எங்கள் வயலில் கூலிக்கு ஆள் தேடவே வேண்டியிருக்கவில்லை. தேவனூர் நாட்டிலிருந்து வாதத்தில் கை விழுந்த ஒருவரை மகன்கள் தோளில் தாங்கி வந்து சேற்றில் இறக்கினார்கள். குடித்துத் தலை கெட்டவன் ஒருவனை அவன் பெண்டாட்டி இடுப்பில் கயிறு கட்டி நட வைத்தாள். எல்லோருக்கும் தலைக்குள் முளைக்க வேண்டியிருந்தது. டாக்டரம்மாவுக்குச் செய்தி போய், மூச்சு வாங்க வந்தார்.

"இது வைத்தியம்னு யாருங்க சொன்னது? நான் சொல்லலையே."

"நீங்க சொல்ல மாட்டீங்கன்னு எங்களுக்குத் தெரியுமுங்க" என்றான் வாதக்காரரின் மூத்த மகன், பணிவாக.

டாக்டரம்மாவே சேற்றில் இறங்கி, வாதக்காரரின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வரப்பில் உட்கார வைத்தார். செருப்பு ஒன்று சேற்றோடு போனது. பேனா எங்கோ விழுந்து, முடி அவிழ்ந்து கிடந்தது. மகன்களிடம், கையை எப்படி மெல்ல நீட்டி மடக்கிப் பழக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். அது தெரிந்த விஷயம், அதனால் சேற்றைப் பார்த்துச் சொன்னார். அங்கிருந்து நேராக மூத்த வேர் வைத்தியர் வீட்டுக்குப் போனதாகக் கேள்வி.

"எனக்கு நிஜமாவே தெரியாதுன்னு நீங்களே ஊருக்குச் சொல்லணும் ஐயா."

"சொல்றனுங்க. நீங்க சொல்லச் சொன்னீங்கன்னு சொல்றேன்."

"அதை மட்டும் சொல்லாதீங்க" என்றாராம்.

பேத்தி பேச ஆரம்பித்திருந்தாள். அந்தச் சமயத்தில்தான் என் மகன் சேந்தமங்கலத்தில் ஒரு கடை டிவியில் எதையோ பார்த்துவிட்டு வந்தான். தூரத்து ஊர் ஒன்றில் ஒருவர், தாய்ச் செல்லையே எடுத்துத் தலைக்குள் ஊசியால் வைக்கிறாராம். போன் போட்டுப் பேசினான். நிச்சயம் சரியாகிவிடும் என்று அவர் சொன்னார். வயலை அடமானம் வைத்துவிடலாம் என்றான் மகன். வயல் போனால் போகிறது என்று நானும் நினைத்தேன். நிச்சயம் என்ற சொல்லைக் கேட்டு எனக்கு அத்தனை வருஷமாகியிருந்தது. புறப்படும் முன் டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று, என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் போனோம்.

மகன் எல்லாம் சொன்னான். கடைசியில், "ஆவும்னு சொல்லுங்க, போறோம். ஆவாதுன்னு சொல்லுங்க, உட்டர்றோம். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றான்.

"தெரியாதுப்பா."

"பாத்தியாம்மா" என்று மகன் என் பக்கம் திரும்பினான்.

"எனக்குத் தெரியாது" என்றார் டாக்டரம்மா மறுபடியும். "அந்த ஊசி போடறவருக்கும் தெரியாது. ஆனா அவர் தெரியும்னு சொல்றார். அதுதான் எனக்குப் பயமா இருக்கு. நானே இந்த வேலை செஞ்சிருக்கேன், எலிக்கு. வெளியில வளர்த்த தாய்ச் செல்லை எலி தலையில வச்சோம். சிலதுல நின்னுச்சு. நிறைய செத்துச்சு. சிலதுல கட்டியா வளர்ந்துச்சு. எது எதனாலன்னு எங்க யாருக்கும் சொல்லத் தெரியல."

"எங்கய்யன் எலி இல்லீங்க" என்றான் மகன்.

"அதனாலதான் சொல்றேன்."

டாக்டரம்மா என் வீட்டுக்காரரைக் காட்டி, "இவர்கிட்ட கேட்டீங்களா?" என்றார்.

நாங்கள் கேட்கவில்லை. கேட்டு என்ன பயன், சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவார் என்று இருந்துவிட்டோம். டாக்டரம்மா தன் நாற்காலியை இழுத்து அவர் முன்னால் போட்டு உட்கார்ந்தார். மரத்திலிருந்து விழுந்ததிலிருந்து ஆரம்பித்து, பேத்தி பிறந்தது வரைக்கும், ஊசி வரைக்கும் பொறுமையாகச் சொன்னார். இவர் அடுத்த வீட்டுக்காரன் கதையைக் கேட்பதுபோல உச்சுக்கொட்டிக் கேட்டார்.

"எனக்குப் பேத்தி இருக்குதா?" என்றார் என்னைப் பார்த்து.

"இருக்கறாளுங்க."

"நல்லாருக்கறாளா?"

"நல்லாருக்கறா."

"அப்பறம் என்னத்துக்கு ஊசி?" என்றார். "எனக்கு ஒரு கொறையும் தெரியலியே சாமி. ஒருவேளை உங்களுக்குத்தான் கொறையா இருக்குது. அதுக்கு என்ற தலையில எதுக்குக் குத்தறீங்க?"

மகன் வெளியே போய்விட்டான். நான் அவர் கையைப் பிடித்து எழுப்பி, பஸ்ஸுக்குக் கூட்டி வந்தேன். ஊசி வேண்டாம் என்று வழியிலேயே தீர்மானமாகிவிட்டது. அது டாக்டரம்மா சொல்லியல்ல, என் வீட்டுக்காரர் சொல்லி. மகன் வெகுகாலம் டாக்டரம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வேண்டாம் என்றாவது சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன் என்பான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவனிடம் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று சொல்லாமல் கூடவே நின்று எட்டிப் பார்க்கிற மாதிரிதான் அவர் வைத்தியம்.

நடவு இல்லாத மாதங்களில் என் வீட்டுக்காரரைச் சாமை புடைக்க வைத்திருந்தேன். அதுவும் ஆண்கள் தொடாத வேலை. முறமும் கையுமாகக் களத்தில் உட்கார்ந்திருப்பார். பொங்கலுக்கு மகள் வந்தபோது, பேத்தி அவருக்கு ஒரு விளையாட்டு கண்டுபிடித்தாள். "ஆரு கண்ணு நீயி?" என்று அவர் கேட்பது பெரியவர்களுக்குத்தான் வலித்தது, அவளுக்கு அது வேடிக்கை. ஒருநாள் ஆட்டுக்குட்டி என்பாள். ஒருநாள் பஸ் கண்டக்டர் என்று சொல்லிப் பலா இலையைக் கிழித்து டிக்கெட் கொடுத்தாள். இவர் நம்பி, சேந்தமங்கலத்துக்கு ஒன்று கொடு என்று வாங்கிக்கொண்டார்.

மறுநாள் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு போய் நின்றாள்.

"ஆரு கண்ணு நீயி?"

"நான் டீச்சரு."

அவர் புடைப்பதை நிறுத்தினார். "பொய் சொல்றே. நேத்து கண்டக்டர்ன்னயே."

மகள் கையிலிருந்த குடத்தை அப்படியே கீழே வைத்தாள். விழுந்த நாளிலிருந்து அவர் வாயில் நேற்று என்று வந்தால் அது ஏணி ஏறுவதற்கு முந்திய நாள். அத்தனை வருஷமும் அந்த ஒரே நேற்றுதான் அவருக்கு. இது வேறு நேற்று. எங்கள் எல்லோருக்கும் இருந்த நேற்று.

பேத்திக்கு ஒன்றும் புரியவில்லை. பிடிபட்டுவிட்ட கோபத்தில், "போங்க அப்புச்சி" என்றாள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஓடவில்லை. நடந்தே போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். யாராவது அவருக்கு எடுத்துக் கொடுத்தார்களா, கிழிந்த இலை எதிரே கிடந்ததா, பிள்ளையே முன்னால் சொல்லியிருப்பாளா என்று டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை, இல்லை என்றேன்.

"இப்பச் சொல்லு கண்ணு. முளைச்சிருக்குதா?"

அவர் நேராகப் பார்த்தார். வழக்கமான சொல் வரவில்லை. "இருக்கணும்னு எனக்கும் ஆசையா இருக்கும்மா" என்றார். "ஆசையா இருக்கறப்பதான் நான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்."

மறுநாள் விடிந்ததும் ஆஸ்பத்திரி திறக்கும் முன்னே எங்கள் களத்துக்கு வந்தார். இவருக்கு எதிரில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். "ஆரு கண்ணு நீயி?" என்றார் இவர். அவர் தன் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், கொஞ்சநேரம் சாமை புடைப்பதைப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கடுத்த நாளும் வந்தார், அதே கேள்வி, அதே பதில். பேத்தியும் விதவிதமாகப் பெயர் சொல்லிப் பார்த்தாள். இவர் எல்லாவற்றையும் நம்பினார். மகள் முகம் மறுபடி சுருங்கியது. ஒருதரம் வாய் தவறி வந்ததாக இருக்கும் என்றான் மகன். டாக்டரம்மா மட்டும் தினமும் காலையில் வந்து அந்தக் கல்லில் உட்கார்ந்தார். நாங்களும் வராதீர்கள் என்று சொல்லவில்லை, அவரும் எதற்கு வருகிறேன் என்று சொல்லவில்லை.

பொங்கல் முடிந்து மகள் ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலையிலும் வந்தார். பனி அதிகமாக இருந்தது. பேத்தி குளிருக்கு இவர் துண்டுக்குள் புகுந்து மடியில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா கல்லில் உட்காரப் போனபோது, இவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏம்புள்ள, இந்தப் பொண்ணு தினமும் வந்து குந்திக்குதே. இதுக்கு ஊட்டுல வேலையே இல்லையா?" பிறகு மடியிலிருந்தவள் தலையை உள்ளே இழுத்துத் துண்டைப் போர்த்தினார். "ஒரு வாய் காப்பி குடு அதுக்கு. நம்ம பேத்திக்கும் குடு."

டாக்டரம்மா உட்காரவில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய், எங்களுக்கு முதுகு காட்டி, அந்தக் குளிரில் முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. காப்பி வைக்க உள்ளே போனேன்.